புகையும் அளவையும்

நம் முன்னோர் மாணவனுக்குத் தருக்கம் கற்பிக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்காட்டியது ஒரு மலையை. எதிரே தெரியும் மலையில் தீ உண்டு. அங்கே புகை எழுவதனால். புகையுள்ள இடத்தில் தீ இருப்பதை அடுக்களையிற் கண்டிருக்கிறோமாதலால். மணிமேகலையில் தருக்கம் விளக்கப்படும் இடத்திலும் இந்த மலையும் புகையும் அடுக்களையும் வருகின்றன. காட்சி, கருதல், உரை என்று அறிவைப் பெறும் வழிகளை வகுத்தவர்கள் அவற்றுக்கு இட்ட பொதுப்பெயர் ‘அளவை’ என்பது. நாழி கொண்டு நெல்லை அளப்பதும் அளவை; நியாயங் கொண்டு உண்மையைத் துணிவதும் அளவை. தமிழில் ஒரே சொல் இவ்விரண்டு தொழிலையும் செய்கிறது.

அந்தப் பழைய எடுத்துக்காட்டில் ஒன்று விடுபட்டுப்போயிற்று. புகையைக் கண்டு தீயை ஊகித்தார்கள். அந்தப் புகையின் நடுவே நின்று அடுப்பூதியவள் யார், அவள் நெஞ்சு என்னவாயிற்று என்று எவரும் வினவவில்லை. தருக்கத்துக்கு அவ்வினா வேண்டியதில்லை. அறத்துக்கு வேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கோ மலை, புகை, அடுக்களை என்ற மூன்றும் ஏட்டு எடுத்துக்காட்டல்ல, அன்றாட வாழ்க்கை. காற்றின் மாசை அளப்பது பற்றி இன்று உலகெங்கும் பேசப்படும் வேளையில், அந்த வாழ்க்கையிலிருந்து தொடங்கி, அளத்தல் என்பதன் நியாயத்தைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே லயங்களில் அடுப்புப் பற்றவைக்கப்படுகிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே இருக்கிறது; நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. தை மாசியில் புல்நுனியில் உறைபனி படியும் குளிர். பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டி சுட வேண்டும். தேத்தண்ணீர் வைக்க வேண்டும். பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் பிள்ளைக்கும் ஏதாவது ஆக்கிவைக்க வேண்டும். அடுப்பில் எரிவது கவ்வாத்து மலையிற் பொறுக்கித் தலையிற் சுமந்து வந்த மிலாறு. மழைக் காலத்தில் அது முற்றக் காய்வதே இல்லை. எரிவதைக் காட்டிலும் புகைவதே அதிகம். கதவைத் திறந்தால் புகை வெளியேறும். அதோடு கதகதப்பும் வெளியேறிவிடும். ஆகவே கதவு அடைத்தே கிடக்கிறது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயத்தில் பின்புறம் சன்னல் வைக்க இடமே இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வாய்பாடாகிவிட்ட அந்தக் காம்பராவில் உறங்கும் குழந்தை, கண் விழிக்குமுன்பே புகையைச் சுவாசிக்கத் தொடங்கிவிடுகிறது. இன்று தனி வீடு பெற்றவர்கள் உண்டு. ஆயினும் லயத்திலேயே காலந்தள்ளுவோர் தொகை இன்னும் பெரிது.

“புகையைப் பாத்தா முடியுமா மாஸ்டர், குளிரு கொன்னுரும்” என்று ஒரு தாய் என்னிடம் கூறியதுண்டு. அவள் கூற்றுக்குப் பின்னால் இன்னொரு அச்சமும் இருக்கிறது. அடுப்பில் பூனை உறங்குகிறது என்றால் அந்த வீட்டில் பட்டினி என்பது தமிழ் வழக்கு. புகை எழாத அடுப்பைக் கண்டு தலைமுறை தலைமுறையாக அஞ்சி வாழ்ந்தவர்களுக்குப் புகை பகையாகத் தோன்றாததில் வியப்பில்லை.

இனி நகரத்துக் கருவியிடம் வருவோம். மண்சரிவு எச்சரிக்கைகளால் மலையக மக்கள் நன்கறிந்த தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனமே நாட்டின் காற்றுத் தரத்தையும் கண்காணித்து அறிவித்து வருகிறது. பிற நகரங்களோடு ஒப்பிடுகையில் நுவரெலியாவின் காற்று நல்ல நிலையில் இருக்கிறது என்று அவ்வறிவிப்புகள் கூறும் நாள்கள் பல. அந்த இலக்கம் பொய்யன்று. கருவி நின்ற இடத்துக் காற்று அத்தகையதே. ஆனால் அடுப்பின் முன் குந்தியிருக்கும் பெண் அந்த இடத்துக் காற்றைச் சுவாசிக்கவில்லை. உண்மையான ஓர் இலக்கம், அது எடுக்கப்பட்ட இடத்துக்கு வெளியே வாழும் ஒருத்தியைப் பொறுத்தவரை பொய்ச்சாட்சியாகிவிடக் கூடும். அளவை பற்றிய முதற் பாடம் இது.

காற்றின் மாசை அளக்கும் வித்தை அடிப்படையில் மிக எளிது. நிறை தெரிந்த ஒரு வடிதாளின் வழியே குறிப்பிட்ட கன அளவு காற்றை இழுக்கிறார்கள். பின்னர் அத்தாளை மீண்டும் நிறுக்கிறார்கள். கூடிய நிறைதான் தூசு. இன்று ஒளியைச் சிதறவைத்து நொடிக்கு நொடி கணிக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் அவற்றையும் கடைசியில் தராசைக் கொண்டே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. 2.5 மைக்ரோமீற்றருக்குட்பட்ட துணிக்கைகளே பெரிதும் அஞ்சத்தக்கவை. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான அவை, மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று, அங்கிருந்து இரத்தத்தையும் பாதிக்கின்றன. மார்புச்சளி, குழந்தைகளின் நிமோனியா, இருதய நோய், பக்கவாதம், நுரையீரற் புற்றுநோய் எல்லாம் அவற்றோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. வீட்டு அடுப்புப் புகையால் மட்டும் 2020-ம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களுள் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

நுண்துணிக்கைகளுக்கு இலங்கைச் சட்டமும் ஒரு வரம்பு விதித்திருக்கிறது. 1980-ம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1994-ல் வகுத்த காற்றுத்தர விதிகள் 2008-ல் திருத்தப்பட்டன. ஒரு கன மீற்றர் காற்றில் நுண்துணிக்கை ஆண்டுச் சராசரியாக 25 மைக்ரோகிராமையும், ஒரு நாட் சராசரியாக 50 மைக்ரோகிராமையும் மிஞ்சலாகாது என்பது விதி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டலோ முறையே 5 என்றும் 15 என்றும் கூறுகிறது. கொழும்புக் காற்றை அளந்தறிந்ததனாற் பயன் விளையாமற் போகவில்லை. 2002-ல் ஈயங் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008-ல் வாகனப் புகைப் பரிசோதனை கட்டாயமாயிற்று. அளவை கொள்கையாக மாறும் என்பதற்கு இவை சான்று. ஆனால் அந்த விதிகள் புறக்காற்றுக்கானவை. சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. 2012-ம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 78 சதவீதத்தின் முதன்மை எரிபொருள் விறகு. அதாவது, மிகுதியான மூச்சு எங்கே இழுக்கப்படுகிறதோ அங்கே சட்டத்துக்குக் கண்ணில்லை.

கருவியை வீட்டுக்குள் கொண்டுசென்றவர்கள் இல்லாமலில்லை. அமெரிக்க விஞ்ஞானி கேர்க் சிமித் 1980-களின் தொடக்கத்தில் இந்திய ஆய்வாளர்களுடன் குஜராத்தின் நான்கு கிராமங்களுக்குச் சென்று, சமைக்கும் பெண்களின் உடலிலேயே சிறு கருவிகளை அணிவித்து அளந்தார். 1983-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகத்தைத் திடுக்கிடச் செய்திருக்க வேண்டும். சமையல் நேரத்தில் அப்பெண்கள் சுவாசித்த காற்றின் மொத்தத் தூசு கன மீற்றருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம், அதாவது 7,000 மைக்ரோகிராம். ஓர் ஆலையின் புகைபோக்கி வெளிவிடும் புகையோடு ஒப்பிட்டால் ஓர் அடுப்பின் புகை அற்பம். ஆனால் ஆலைப் புகை வானிற் கலந்து ஐதாகிறது. அடுப்புப் புகை நேரே நெஞ்சுக்குட் செல்கிறது. எவ்வளவு வெளியாகிறது என்பதை விட எவ்வளவு ஒருவர் உடலுக்குள் போகிறது என்பதே கேள்வி என்று சிமித் 2020-ல் மறையும் வரை வற்புறுத்தி வந்தார்.

இனி, தோட்டத்தில் எவையெவை அளக்கப்படுகின்றன என்று பார்ப்போம். கொழுந்து தராசில் நிறுக்கப்படுகிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிவு போடப்படுகிறது. கணக்குக் குறைந்தால் அரைப் பேர். மழை அளக்கப்படுகிறது. மலையின் உயரம் அளக்கப்பட்டு அதன்படி தேயிலை தரம் பிரிக்கப்படுகிறது. தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டும் தளத்தில் காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கருவி வைத்துக் கவனிக்கிறார்கள். சற்றுப் பிசகினாலும் சாயத்தின் நிறமும் மணமும் கெட்டுவிடும் அல்லவா? கொய்யப்பட்ட கொழுந்து படுத்திருக்கும் காற்று இவ்வாறு அளக்கப்படுகிறது. அதைக் கொய்தவள் படுத்திருக்கும் காற்றை அளக்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. அளக்கும் கருவி இல்லாமை இதற்குக் காரணமல்ல. விலையுள்ளது அளக்கப்படுகிறது. ஒரு சமுதாயம் எதை அளக்கிறது என்று பார்த்தால் அது எதை மதிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

‘வீட்டுப் புகை அவரவர் சொந்த விஷயம், அரசாங்கம் அடுக்களைக்குள் தலையிடலாமா?’ என்று கேட்போர் உண்டு. சொந்த வீட்டில் வாழ்பவனைப் பற்றியானால் இந்தக் கேள்விக்குச் சற்று மரியாதை தரலாம். லயக் காம்பராவைப் பற்றி இதைக் கேட்பது நகைப்புக்குரியது. அந்தச் சுவரைக் கட்டியவன் அதில் வாழ்பவனல்லன். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றிச் சுவரில் ஒரு சன்னல் திறக்க முடியாத வீட்டைச் சொந்த விஷயம் என்று எப்படிக் கூறுவது? வேலையோடு வீடும் பிணைக்கப்பட்டிருக்கும் இடத்தில் வீட்டுக் காற்றும் வேலைத்தலத்துக் காற்றே. தொழிற்சாலையில் தேயிலைத் தூசைச் சுவாசிக்கும் தொழிலாளரிடையே நாட்பட்ட மார்புச்சளியும் ஈளையும் காணப்படுவதை வைத்தியர் சி. ஜி. உரகொட 1980-ல் ஆய்ந்து வெளியிட்டபோது, அது தொழிலால் வரும் நோய் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. அதே நிர்வாகம் கட்டிய சுவருக்குள் வரும் இருமல் மட்டும் எவ்வாறு தனிமனிதப் பழக்கமாகிவிடும்?

புகை எவ்வாறு சட்டமாகிறது என்பதை அறிய இலண்டன் நகரத்தின் கதை உதவும். 1952-ம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து அந்நகரை மூடின. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வு அத்தொகையை 12,000 வரை உயர்த்தியது. குளிர்காலத்து மரணங்கள் நீடித்ததற்கு இன்புளுவென்சாவே காரணம் என்று அதிகாரிகள் சமாதானம் கூறிப் பார்த்தனர். மரணப் பதிவேடும் புகைக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டபோது அந்தச் சமாதானம் நிற்கவில்லை. 1956-ல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகை எவ்விதமாக உடலைக் கெடுக்கிறது என்பது முழுவதும் விளங்குமுன்பே சட்டம் வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே காலத்தில், இலண்டன் மக்கள் அருந்திய தேநீருக்குக் கொழுந்து கொய்தவர்களின் நிலை யாது? 1947-ம் ஆண்டுத் தேர்தலில் மலையக மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. நாடற்றோர் என்ற நிலையைச் சட்டத்தின் அளவில் முடித்துவைக்க 2003-ம் ஆண்டுவரை சட்டம் இயற்றிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இலண்டன்வாசியின் மூச்சு நான்காண்டுகளிற் சட்டமாயிற்று, அவன் வாக்காளன். வாக்கற்றவனின் இருமல் எந்தப் பதிவேட்டிலும் கேள்வியாக எழவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் அதற்குச் ‘சளி’ என்று பெயர். ஒரு போத்தல் மருந்தோடு விஷயம் முடிந்தது. அளவைக்குக் கருவி மட்டும் போதாது. அளந்து சொன்னால் கேட்டே தீர வேண்டிய ஒருவன் எதிரே இருக்க வேண்டும். அப்படி ஒருவனை நிறுத்துவது அரசியல் உரிமை.

முற்போக்காளர் சிலரே இங்கு ஒரு தடை எழுப்பக் கூடும். கூலிக்கே போராடிக்கொண்டிருக்கையில் காற்றைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு அல்லவா என்பார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெடும் போராட்டத்தின் பின் 2021-ல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியிற் பிரகடனமாயிற்று. நாடு பொருளாதார நெருக்கடியில் மூழ்கிய 2022 ஏப்ரல் மாதத்தில் 12.5 கிலோகிராம் சமையல் எரிவாயுச் சிலிண்டர் ஒன்றின் விலை 4,860 ரூபா. ஏறத்தாழ ஐந்து நாட் கூலி ஒரு சிலிண்டருக்கு! நகரத்து நடுத்தர வீடுகளே விறகைத் தேடிய அந்நாளில் தோட்டத்துப் பெண் மிலாறைக் கைவிட்டிருக்க முடியுமா? அதன்பின் கூலியும் விலையும் மாறியிருக்கின்றன. கணக்கின் தன்மை மாறவில்லை. கொடுக்கப்படாத கூலிதான் லயத்தில் புகையாக நிற்கிறது. அதைக் காசாகத் தராதவன் நுரையீரலிற் கழித்துக்கொள்கிறான். ஆகவே காற்றைப் பற்றிய பேச்சு கூலிப் போராட்டத்துக்கு வெளியே இல்லை. தராசிற் போடும் கழிவை எதிர்ப்பவர்கள் இந்தக் கழிவையும் எதிர்க்க வேண்டும்.

இவ்விடத்தில் கசப்பான ஓர் உண்மையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். நமக்குச் சாதகமான இலக்கங்களை மட்டும் பொறுக்குவது அறிவுக்குச் செய்யும் துரோகம். 2018-ம் ஆண்டு தொடங்கி இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிப் பெண்களிடையே ஒரு பெரும் பரிசோதனை நடைபெற்றது. இந்தியாவில் அது நடந்தது தமிழ்நாட்டில். ஒரு பகுதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. மறுபகுதியினர் விறகிலேயே சமைத்தனர். எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துணிக்கை சுமார் 70 மைக்ரோகிராமிலிருந்து 24 அளவுக்குக் குறைந்தது. ஆயினும் 2022-லும் 2024-லும் வெளியான முடிவுகளின்படி, பிறந்த குழந்தைகளின் நிறையிலோ கடும் நிமோனியாவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதைக் கேட்டதும் ‘பார்த்தீர்களா, புகையால் ஒன்றுமில்லை’ என்று மகிழ்வோர் இருப்பார்கள். ஆய்வு அவ்வாறு கூறவில்லை. பல ஆண்டுகள் புகையிற் கழித்த உடலுக்குக் கர்ப்ப காலத்தில் மட்டும் தரும் நிவாரணம் பிந்தியதாக இருக்கலாம். முதியோரின் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் விளையும் நன்மையை அந்த அளவுகோல் அளக்கவில்லை. எனினும் ஆழமான பாடம் வேறொன்று. 2016-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 சதவீதம். இது புகையால் வந்ததா, பசியால் வந்ததா, குளிரால் வந்ததா, கர்ப்பிணி சுமந்த கூடையால் வந்ததா? ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தறிய விரும்பும் புள்ளியியலார் மற்றவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள். அவர்கள் முறைப்படி அது சரியே. ஆனால் அவ்வாறு கழிக்கப்படும் பொருளுக்கு வாழ்க்கையிற் பெயர் வறுமை. தாளிற் கழிவது உடலிற் கழிவதில்லை. நான்கு விலங்குகள் பூட்டிய காலில் ஒன்றை அறுத்துவிட்டு ‘இன்னும் ஏன் ஓடவில்லை?’ என்று கேட்பதா? மற்ற மூன்றையும் அறுக்க வேண்டும் என்பதே அந்த ஆய்விலிருந்து நாம் பெறவேண்டிய முடிவு.

அளவை என்பது சிலர் கையிற் கடத்திவிடும் தந்திரமாகவும் மாறுகிறது. இன்னும் ஆராய வேண்டும், இன்னும் அளக்க வேண்டும் என்று கூறியே காலத்தைக் கழிக்கலாம். கொழுந்தைப் போல இலக்கத்தையும் மலையிற் பறித்துக் கொழும்பில் தரம் பிரித்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்துவிட்டு, பறித்த இடத்துக்கு ஒன்றும் திருப்பித் தராமலும் இருக்கலாம். எதற்காக இத்தனை அளவை என்று சலிப்புற்றவர்கள் தோட்டத்துக் கட்டடங்களைச் சற்று அண்ணாந்து பார்க்கட்டும். துரை பங்களாவில் கணப்பு அடுப்பு உண்டு. அதன் மேல் புகைபோக்கியும் உண்டு. தொழிற்சாலைக்கு உயர்ந்த புகைபோக்கி உண்டு. பழைய லயங்களிற் பெரும்பாலானவற்றின் கூரையில் அப்படி ஒன்றைக் காணோம். புகை நெஞ்சுக்கு ஆகாது என்பதை அறிய அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களுக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. நூறாண்டுக்கு முன்பே அவர்களுக்கு அது தெரியும். யாருடைய நெஞ்சு என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

ஆகவே, அளக்காமலே செய்யத்தக்கவை பல. புகைபோக்கியும் சன்னலும் உலர்ந்த விறகு வைக்க ஒரு கொட்டகையும் எந்த ஆய்வின் முடிவுக்கும் காத்திருக்க வேண்டியவையல்ல. எரிவாயு வாங்கப் போதிய கூலியும், சொந்த நிலத்தில் சொந்த வீடும் அவ்வாறே. விறகைச் சிக்கனப்படுத்தும் ‘அநாகி’ மண்ணடுப்பு 1980-களிலிருந்து நாட்டில் வழங்கிவருகிறது. விறகு மிச்சமாவது நல்லதே, ஆனால் புகைபோக்கியில்லாத அறையில் அது மட்டும் போதாது. பின் எதற்காக அளக்க வேண்டும்? தெரியாததை அறிவதற்கு என்பதைவிட, தெரிந்ததை மறுக்க முடியாதபடி செய்வதற்காக. இலக்கம் ஏறிய துன்பம் நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் கூட்டு ஒப்பந்த மேசையிலும் பேசும்; இலக்கமற்ற துன்பம் பெருமூச்சோடு நின்றுவிடும். அந்தக் கருவி லயத்துக்குள்ளேயும் வைக்கப்பட வேண்டும். அதன் இலக்கம் முதலில் அந்த லயத்தில் வாழ்பவர்களின் மொழியில் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும். அளக்கும் இடத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பதில் அவர்களுக்கும் உரிமை வேண்டும். தராசு எவன் கையில் இருக்கிறது என்பதன் பொருளை மலையகத் தொழிலாளிக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக் கூடியது உண்டு. வகுப்பில் இருமும் பிள்ளை எந்த லயத்திலிருந்து வருகிறான், அங்கே அடுப்பு எங்கே இருக்கிறது, சன்னல் உண்டா என்று கேட்டு எழுதிவைப்பதற்குப் பெருங் கருவி வேண்டாம்; ஓர் அப்பியாசக் கொப்பி போதும். காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் காட்சியும் கருதலும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அடுப்பின் முன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பவளின் உரையை இதுவரை எவரும் அளவையாக ஏற்கவில்லை. மலையிற் புகை தெரிகிறது. ஆகவே அங்கே தீ இருக்கிறது என்று தருக்கநூலார் முடித்தார்கள். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று நாம் முடிக்க வேண்டும்.